டால்படிலில் ஒரு மரம்

டார்செஸ்டர், இங்கிலாந்து,
அக்டோபர் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்க முட்டிவலி எப்படி இருக்கு? மாத்திரையை வேளாவேளைக்குப் போடுங்க.

நேத்து லீவு. இங்கேர்ந்து 12 கிலோமீட்டர் இருக்கும், டால்படில்னு ஒரு சின்ன கிராமம். அங்க ஒரு சிக்கமோர் மரத்தைப் பார்க்கத்தான் போனேன். 300 வருஷத்துக்கு மேல வயசாம். நம்ம ஆலமரத்தைப் பார்த்த கண்ணுக்கு அது பெருசாவே தெரியலை. பாரம் தாங்காதுன்னு கிளையெல்லாம் கழிச்சு விட்டிருக்காங்க. இலை பருத்தி இலை மாதிரி, ஆனா என் கையகலம். ரெட்டை இறக்கை வச்ச விதை சுத்திச் சுத்தி வந்து என் கோட்டுப் பைக்குள்ளயே விழுந்துச்சு.

அந்த மரத்தடியிலதான் உங்களை மாதிரி விவசாயக் கூலிங்க கூடிப் பேசியிருக்காங்க. வாரக்கூலி 9 ஷில்லிங், அப்புறம் 8, அப்புறம் 7. அடுத்து 6தான்னு சொன்னதும் சங்கம் வச்சிட்டாங்க. 1834ல ஆறு பேரைப் பிடிச்சாங்க. சங்கம் வைக்கிறது அப்ப குத்தமில்லை. அதனால கடற்படைக் கலகத்துக்காக 1797ல போட்ட ஒரு சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, ரகசியமா சத்தியம் பண்ணினதுதான் குத்தம்னு ஏழு வருஷம் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்திட்டாங்க. பண்ணையார் எல்லா ஊர்லயும் ஒரே பள்ளிக்கூடத்துலதான் படிச்சிருப்பார் போல! தீர்ப்புச் சொன்ன கோர்ட்டு, நான் தினம் பஸ்ஸுக்கு நடக்கிற வழியிலதான் இருக்கு. இப்ப மியூசியம். இத்தனை நாள் அது என்னன்னு கூடத் தெரியாம கடந்து போயிருக்கேன்.

லண்டன்ல ஆயிரக்கணக்கான ஜனங்க ஊர்வலம் போய், மனு மேல மனு கொடுத்து, 1836ல மன்னிப்பு வாங்கிக் கொடுத்தாங்க. திரும்பி வந்தவங்கள்ல அஞ்சு பேர் பிறகு கனடாவுக்குக் குடிபோயிட்டாங்க. ஜேம்ஸ் ஹாமெட் மட்டும் டால்படிலுக்கே திரும்பினார். சத்தியம் பண்ணின அன்னிக்கு அவர் அங்க இல்லவே இல்லையாம், போனது உடன்பிறந்தவராம். அதை வெளியில சொல்லாம தண்டனையைத் தானே ஏத்துக்கிட்டார்னு சொல்றாங்க. கடைசியில ஆதரவற்றோர் விடுதியில செத்திருக்கார். அவர் கல்லறைகிட்ட ரொம்ப நேரம் நின்னேன்.

ஏர்போர்ட்ல நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? "சங்கம் கிங்கம்னு போயிடாதே, வந்த வேலையைப் பாரு." கொடி பிடிச்சு ஜெயிலுக்குப் போன மனுஷன் வாயிலேர்ந்து அப்படி ஒரு பேச்சு! உங்க பயம் புரியுது. என் விசா முதலாளி கையிலதான் இருக்கு. ஆனா போன மாசம் நான் பார்த்த ரெண்டு நைட் டியூட்டிக்குக் காசு வரலை. கேட்டா, கணக்கு சரியாத்தான் இருக்குங்கிறாங்க. கூட வேலை பார்க்கிற பிலிப்பைன்ஸ் அக்கா சங்கத்துப் படிவம் ஒண்ணு கொடுத்திருக்காங்க. பேர், முகவரி எல்லாம் எழுதி பாஸ்போர்ட்டுக்குள்ள வச்சிருக்கேன். கையெழுத்துதான் பாக்கி.

அம்மாவுக்குப் படிச்சுக் காட்டும்போது இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் விட்டுடுங்க. பதிலை நீங்களே உங்க கையால எழுதுங்க, தம்பிகிட்ட சொல்லி எழுத வைக்காதீங்க.

அன்புடன்,
உங்க மக
செல்வி