கோமுவுக்கு, வயிறு பற்றி

லூக்கன், டப்ளின்
ஞாயிறு இரவு

அன்புள்ள கோமு,

வசந்தி தன் மகள் கல்யாணப் படங்களை அனுப்பினாள். அதில் உன்னைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இந்தக் கடிதமே அதற்காகத்தான். ஆனால் அதைக் கடைசியில் சொல்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். மழை. பெரியவனுக்கு வேலை கிடைத்துவிட்டது, சின்னவள் இந்த வாரம் எங்களோடு பேசுவதில்லை. லட்டு விஷயத்தை வசந்தியின் மருமகனிடம் நான் சொல்லவில்லை, சத்தியம்.

இப்போது என் வயிறு. சிரிக்காதே. ஹாஸ்டலில் அதற்குப் பேர் வைத்தவளே நீதான், அந்தப் பேரை அது இன்னும் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் பொருமல், அப்புறம் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது மேளம். பாலை நிறுத்து என்று அம்மா, கோதுமையை நிறுத்து என்று ஆபீஸ் தோழி, எல்லாம் மனசுதான் என்று உன் அண்ணன் (என் வீட்டுக்காரரானதும் டாக்டராகவும் ஆகிவிட்டார்). சரி, கேட்டுப் பார்த்துவிடலாம் என்று மூச்சை ஊதிப் பார்க்கிற கருவி ஒன்று வாங்கினேன். உள்ளங்கையில் அடங்கும். ஃபுட்மார்பிள் என்று இந்த ஊர்க் கம்பெனிதான். அதை ஆரம்பித்த இன்ஜினியர், தான் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணின் வயிற்றுத் தொல்லைக்கு வழி தேடப் போய்தான் இதைச் செய்தாராம். நம் வீட்டிலும் ஒரு இன்ஜினியர் இருக்கிறார், ஒரு சுக்குக் கஷாயம் போட்டுத் தந்ததில்லை.

வயிற்றுக் கோளாறு மூச்சில் எப்படித் தெரியும் என்று கேட்பாய். நம் உடம்பின் செல்கள் ஹைட்ரஜனை உண்டாக்குவதே இல்லை. சிறுகுடல் செரிக்காமல் விட்ட சர்க்கரை பெருங்குடலுக்குப் போகும்போது, அங்கே இருக்கிற பாக்டீரியா அதைத் தோசை மாவு மாதிரி புளித்துப் பொங்க வைக்கும். அப்போது உண்டாகும் ஹைட்ரஜனில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், மூச்சோடு வெளியே வந்துவிடும். சிலருக்கு ஹைட்ரஜனோடு மீத்தேனும் வரும், அது பெரும்பாலும் மலச்சிக்கல்காரர்கள் சமாச்சாரம். உன் வீட்டு மேஜரை நினைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிகளில் பல காலமாகச் செய்கிற சோதனைதான் இது, இப்போது சமையலறை மேஜைக்கு வந்திருக்கிறது.

சோதனைக்கு முந்தின நாள் வெள்ளைச் சோறும் பொரித்த மீனும் மட்டும். பருப்பு, உள்ளி (வெங்காயம்), கோதுமை எதுவும் கூடாது. 12 மணி நேரம் பட்டினி. காலையில், எதைச் சோதிக்கிறோமோ அந்தப் பொடிப் பொட்டலத்தைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு 15 நிமிஷத்துக்கு ஒருமுறை ஊத வேண்டும், மூன்று மணி நேரம். இடையில் வயிறு எப்படி இருக்கிறது என்றும் போனில் குறித்துக்கொண்டே வர வேண்டும். இந்தக் குறிப்புதான் முக்கியம், ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் லாக்டோஸ், பாலில் இருக்கிற சர்க்கரை. போனில் ஹைட்ரஜன் கோடு ஏறிவிட்டது, அம்மா ஜெயித்தாள் என்று நினைத்தேன். நம் பக்கத்து ஆட்களுக்கு வளர்ந்தபின் பாலைச் செரிக்கும் என்சைம் குறைந்துபோவது சாதாரணம். இந்த ஐரிஷ்காரர்களுக்குத்தான் கிழவயதிலும் குறையாது, டம்ளர் டம்ளராகக் குடிக்கிறார்கள். ஆனால் சோதனைக்கு வழக்கமாகக் கொடுப்பது 25 கிராம், அரை லிட்டர் பாலில் இருக்கிற அளவு. அவ்வளவையும் ஒரே மூச்சில் குடித்தும் எனக்கு லேசான உறுமலுக்கு மேல் ஒன்றும் இல்லை. காப்பியில் விடுகிற பாலில் அதில் கால்பங்குகூடக் கிடையாது. தயிரிலோ, உறைய வைத்த பாக்டீரியாவே பாதி வேலையைச் செய்துவிடுகிறது. ஆக, காப்பி பிழைத்தது. அம்மாவிடம் சொன்னேன், நம்பவில்லை.

அப்புறம் இன்யூலின். உள்ளி, வெள்ளைப்பூடு, கோதுமை இதிலெல்லாம் இருக்கிற ஃப்ரக்டான் என்கிற நார்ச்சத்தில் ஒரு வகை. அன்றைக்குக் கோடும் ஏறியது, வயிறும் முரசாகிவிட்டது. பேண்ட் பட்டனை அவிழ்த்துவிட்டுத்தான் உட்கார முடிந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டு, அடுத்த சனிக்கிழமை உன் அண்ணனையும் அதே பொட்டலத்தைக் குடித்து ஊதச் சொன்னேன். அவர் எண் என்னுடையதைத் தாண்டிப் போய்விட்டது! மனுஷன் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அங்கேதான் எனக்குப் புரிந்தது கோமு. ஃப்ரக்டானைச் செரிக்கிற என்சைம் மனிதர் யாருக்குமே கிடையாது. எல்லோருக்கும் கேஸ் உண்டாகத்தான் செய்யும். என் குடலுக்கு அது தாங்கவில்லை, அவர் குடல் கண்டுகொள்வதில்லை. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் ஸ்கேன் எடுத்தே பார்த்திருக்கிறார்கள்: இன்யூலின் குடித்ததும் என்னைப் போலக் குடல் தொல்லை உள்ள நோயாளிகளுக்கும் நல்லாயிருப்பவர்களுக்கும் குடலில் ஏறக்குறைய ஒரே அளவு கேஸ்தான், உபத்திரவம் மட்டும் நோயாளிகளுக்கு. கருவி கேஸை அளக்கும், வலியை அளக்காது. எண்ணை மட்டும் பார்த்து ஒவ்வொன்றாக நிறுத்தினால் கடைசியில் வெந்நீர்தான் மிஞ்சும்.

நான் நிறுத்தியது கொஞ்சம்தான். பூடை எண்ணெயில் பொரித்து மணம் இறங்கியதும் எடுத்துப் போட்டுவிடுகிறேன். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பருப்பை ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைக்கிறேன். உள்ளித் தீயலுக்குப் பதில் கத்தரிக்காய்த் தீயல். அதுவும் நல்லாத்தான் இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன். உள்ளித் தீயல் உள்ளித் தீயல்தான்.

சரி, இப்போது உன் விஷயம். விரலில் ரத்தம் எடுத்து, உனக்கு ஆகாத உணவு என்று பக்கம் பக்கமாக ஒரு பட்டியல் கொடுத்தார்களாமே, வசந்தி சொன்னாள். கோதுமை, தயிர், முட்டை, தேங்காய்கூட. நாகர்கோவிலில் இருந்துகொண்டு தேங்காயை விட்டுவிட்டால் எதைச் சாப்பிடுவாய்? அந்தச் சோதனையில் பார்ப்பது ஐஜிஜி என்கிற எதிர்ப்பொருள். நீ ஒரு பொருளைச் சாப்பிட்டு வந்திருக்கிறாய் என்பதைத்தான் அது காட்டும். உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இது வேண்டாம் என்று அலர்ஜி டாக்டர்களின் சங்கங்களே சொல்கின்றன. அவ்வளவு பணம் கொடுத்து நீ தினமும் என்ன சாப்பிடுகிறாய் என்பதற்கு ஒரு லிஸ்ட் வாங்கியிருக்கிறாய்.

அதற்காக நான் திட்டவில்லை. படத்தில் உன் தோள் எலும்பு தெரிகிறது. ரத்தம் குறைவு என்று மாத்திரை சாப்பிடுகிறாய் என்றும் கேள்விப்பட்டேன். நம் வயதில் காரணமில்லாமல் எடை குறைந்து ரத்தமும் குறைந்தால் அதை வாயு என்று விட்டுவிடக் கூடாது. என் கருவியும் அதற்கு உதவாது, இருந்தால் உடனே அனுப்பியிருப்பேன். குடல் டாக்டர் ஒருவரைப் போய்ப் பார். எடை, ரத்தக் குறைவு இரண்டையும் நீயே வாய்விட்டுச் சொல், அவர் கேட்கட்டும் என்று இருக்காதே. கேமரா விட்டுப் பார்க்கணும் என்றால் சரி என்று சொல். இன்னொன்று, கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னால், கோதுமையை நிறுத்தியிருப்பதையும் சொல்லிவிடு. சாப்பிடாமல் இருந்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும்.

டிசம்பரில் வருகிறேன், டிக்கெட் போட்டாயிற்று. உனக்காக ஒரு பொட்டலம் இன்யூலின் வைத்திருக்கிறேன், ஆசை தீர ஊதலாம். ஆனால் டாக்டர் சீட்டைக் காட்டினால்தான் கருவியைத் தொட விடுவேன். செவ்வாய்க்கிழமை உன் நேரம் இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன். எந்த டாக்டர், எந்த நாள் என்று சொல்வதற்குத் தயாராக இரு. மேஜரையும் பக்கத்தில் உட்காரச் சொல்.

உன்
ராஜி