மாடல் டி-யை ரேஸில் நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபோர்டு நிறுவனத்தின் பழைய மாடல் டி காரையும் அதே நிறுவனத்தின் 1964 மஸ்டாங் காரையும் ஒப்பிட்டு சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் வேகத்தையும் குதிரைத்திறனையும் மட்டும் பார்த்து மஸ்டாங்குக்கு மாலை போட்டதுதான் சரியாகப் படவில்லை.

மாடல் டி-யின் இன்ஜின் 177 கன அங்குலம், 20 குதிரைத்திறன். மஸ்டாங்கின் ஆரம்ப ரகத்தில் இருந்தது 170 கன அங்குலம்தான், ஆனால் 101 குதிரைத்திறன். அளவு குறைந்தும் சக்தி ஐந்து மடங்கு! அரை நூற்றாண்டில் இன்ஜின் தொழில்நுட்பமே வளர்ந்த வளர்ச்சி அது. அதை மஸ்டாங்கின் தனிச் சாதனையாக எழுதுவது நியாயமில்லை. மஸ்டாங்கின் பாகங்களில் பெரும்பகுதி ஃபால்கன் என்ற சாதாரண குடும்பக் காரிலிருந்து எடுத்தவை என்பதையும் கட்டுரை சொல்லவில்லை.

மாடல் டி-யை ஓட்டுவதே தனி வித்தை. மூன்று பெடல்களில் நடுவில் இருப்பது ரிவர்ஸ். ஆக்ஸிலரேட்டர் காலில் இல்லை, ஸ்டீயரிங்குக்குக் கீழே கைநெம்புகோலாக இருக்கும். எதிர்ப்பக்கம் இருக்கும் ஸ்பார்க் நெம்புகோலை மேலே தள்ளி, தீப்பொறி தாமதமாக விழும்படி வைக்காமல், முன்னால் போய் இன்ஜினைக் கிளப்பக் கைப்பிடியைச் சுற்றினால், இன்ஜின் எதிர்த்து உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். பெட்ரோலும் பம்ப் இல்லாமல் டாங்கிலிருந்து இன்ஜினுக்குத் தானாக இறங்கி வர வேண்டியதுதான். டாங்கில் கொஞ்சமாக இருந்தால், டாங்க் இன்ஜினைவிட உயரத்தில் இருக்கட்டும் என்று செங்குத்து மேட்டில் ரிவர்ஸில் ஏறுவார்களாம்!

இத்தனை தொல்லை இருந்தும் ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றதே, ஏன்? விலைதான். 1908இல் 850 டாலர். 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்ததும் ஒரு சேஸியை (காரின் அடிச்சட்டத்தை) பூட்டும் நேரம் 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தது 93 நிமிடமாகச் சுருங்கியது. 1925 வாக்கில் மலிவான ரகம் 260 டாலருக்கே கிடைத்தது. மஸ்டாங்கின் வித்தை இதற்கு நேர் எதிர். 2,368 டாலர் என்று கூப்பிட்டு, அப்புறம் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின், ஆட்டோமேட்டிக் கியர், பவர் ஸ்டீயரிங் என்று ஒவ்வொன்றாகத் தலையில் கட்டியது. கெட்டிக்காரத்தனம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது விற்பனைக் கெட்டிக்காரத்தனம்.

ஒரு திருத்தமும் உண்டு. மாடல் டி கறுப்பில் மட்டுமே வந்தது என்பது தவறு. 1914 முதல் 1925 வரைதான் அந்தக் கட்டுப்பாடு. அதற்கு முன்னால் சிவப்பு, பச்சை, சாம்பல் நிறங்களிலும் வந்தது. அந்தக் கறுப்புப் பிடிவாதத்தில் ஃபோர்டு இருந்தபோதுதான் போட்டி நிறுவனமான செவர்லே வேகமாக வளர்ந்து நெருங்கி வந்தது. 1927இல் மாடல் டி-யை நிறுத்தவேண்டி வந்தது. வாங்குபவர் இஷ்டப்படி காரை மாற்றிக் கொடுக்கவேண்டும் என்று ஃபோர்டு அப்போது பட்டுக் கற்ற பாடம்தான் 1964இல் மஸ்டாங்காக வந்து நின்றது என்பது என் எண்ணம்.

வேகத்தில்தான் மோதவிட வேண்டுமென்றால் மஸ்டாங்குக்கு எதிரே செவர்லே கமாரோவை நிறுத்துங்கள். மஸ்டாங்குக்குப் பதில் சொல்லவே 1966இல் வந்த கார் அது. சம வயது, சம விலை. அந்தக் கட்டுரைக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்