எழுத்தில் இல்லாத மறுப்பு: முக்திநாத் போக முடியாத என் அம்மாவுக்காக ஒரு திறந்த மடல்

நேபாளம் செல்வோரின் ஆவணங்களுக்கு விதி வகுக்கும் அதிகாரிகளுக்கும், அந்த விதியைக் கவுண்டரில் நடைமுறைப்படுத்தும் விமான நிறுவனத்தாருக்கும்,

வணக்கம். இந்தியர் நேபாளம் செல்ல விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை இருந்தால் போதும். 65 வயதைக் கடந்தவர்களும் 15 வயதுக்கு உட்பட்டவர்களும் ஆதாரைக் காட்டியே போகலாம் என்று உள்துறை அமைச்சகம் 2019 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. இதெல்லாம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கடந்த மாதம் தில்லியில் ஒரு விமான நிறுவனக் கவுண்டரில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியும் பயனில்லை.

அப்பா மறைந்தபின் கும்பகோணத்திலிருந்து தில்லி மயூர் விஹாருக்கு, என் வீட்டுக்கு வந்துவிட்டவர் அம்மா. வீடு மாற்றியதில் வாக்காளர் அட்டை தொலைந்துவிட்டது. பாஸ்போர்ட் எடுக்கும் தேவை அவருக்கு வாழ்நாளில் வந்ததே இல்லை. ஒரே ஆசை, நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் கோயில். ஆழ்வார்கள் பாடிய சாளக்கிராமம் என்ற தலம் அதுதான். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. 12,000 அடிக்கு மேலே இருக்கிறது. முழங்கால் தாங்கும்போதே போய்விட வேண்டும் என்று இரண்டு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மாவின் ஆதார் பழைய அட்டை. அதில் பிறந்த தேதி கிடையாது, 'பிறந்த ஆண்டு: 1951' என்று மட்டும் இருக்கிறது. கவுண்டரில் இருந்த பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தேதி இல்லாமல் வயதை எப்படி உறுதி செய்வது என்று கேட்டார். 1951இல் ஜனவரி முதல் தேதி பிறந்திருந்தாலும் டிசம்பர் கடைசித் தேதி பிறந்திருந்தாலும் அவர் 65ஐத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இதைப் புரியவைக்க நாற்பது நிமிடங்கள் நின்றேன். மேற்பார்வையாளர் வந்தார். கைபேசியில் அரசு அறிவிப்பைக் காட்டினேன். "எங்களுக்கு அப்படி உத்தரவு வரவில்லை" என்றார். மறுப்பை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டேன்; அதற்கும் வழக்கமில்லையாம். கவுண்டரை மூடிவிட்டார்கள்.

அம்மா துளசி மாலை இருந்த பையை மார்போடு அணைத்தபடி, "நான் ஏதாவது தப்புச் செய்துவிட்டேனா?" என்று கேட்டார். டிக்கெட் பணம் போனது, போக்ராவிலிருந்து முக்திநாத் அருகே உள்ள ஜோம்சொம் போகும் சிறிய விமானத்துக்குக் கட்டியதும் போனது. அதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அந்தக் கேள்வியை என்னால் விட முடியவில்லை.

அட்டையைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதானே என்று சிலர் சொல்கிறார்கள். திருத்தப் போனால் பிறப்புச் சான்று கேட்கிறார்கள். வீட்டில், மருத்துவச்சியின் கையில் பிறந்தவர் அவர். இருப்பதெல்லாம் கர வருஷம் ஆவணி மாதம் என்று தாத்தா எழுதிவைத்த ஜாதகக் குறிப்பு. அந்தத் தலைமுறையில் எத்தனை பேரிடம் பிறப்புச் சான்று இருக்கும்? வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், சமையல் எரிவாயு என எல்லாவற்றுக்கும் செல்லுபடியாகும் அட்டை, சாமி கும்பிடப் போகும்போது மட்டும் ஏன் சந்தேகத்துக்குரியதாகிறது? சுனௌலி எல்லையில் மக்கள் நடந்தே நேபாளத்துக்குள் போய் வருகிறார்கள். விமானத்தில் ஏற வந்த முதியவருக்குத்தான் இந்த விசாரணை.

எங்களுக்கு மட்டும் நேர்ந்ததாகவும் நான் நினைக்கவில்லை. 64 வயதுக்காரர் ஆதாரை மட்டும் நம்பி வந்தால் திரும்பத்தான் வேண்டும். 15 முதல் 18 வயதுப் பிள்ளைகள் பள்ளித் தலைமையாசிரியரின் சான்றுடன் போகலாம் என்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்? டிக்கெட் விற்கும்போது ஒருவரும் சொல்வதில்லை.

ஆகவே பணிவுடன் கேட்கிறேன். எந்த வயதினருக்கு எந்த ஆவணம் என்பதை ஒவ்வொரு கவுண்டரிலும் எழுதி வையுங்கள். இந்தியும் ஆங்கிலமும் மட்டும் போதாது, தமிழ் போன்ற பிற மொழிகளிலும் வையுங்கள். ஆண்டு மட்டும் உள்ள அட்டையில் அந்த ஆண்டே வயதை உறுதி செய்கிறது என்றால் ஏற்க வேண்டும் என்று எல்லா விமான நிறுவனங்களுக்கும் எழுத்தில் உத்தரவிடுங்கள். மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டுத் தரச் சொல்லுங்கள். விதியும் எழுத்தில் இருக்கட்டும், மறுப்பும் எழுத்தில் இருக்கட்டும்.

ஐப்பசியில் மீண்டும் டிக்கெட் எடுக்கப்போகிறோம். அம்மாவின் கையில் அதே அட்டைதான் இருக்கும். அதற்குள் அந்த உத்தரவு கவுண்டருக்கு வந்து சேர ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மயூர் விஹாரிலிருந்து ஒரு மகன்