ஆறாம் வகுப்புப் பெற்றோருக்கு: 51 பகா எண் அல்ல

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். போன வாரம் ஆறாம் வகுப்புக்குக் கணக்கில் ஒரு சிறு தேர்வு வைத்தோம். 29, 51, 57, 61, 87, 91, 97 ஆகியவற்றில் பகா எண்களை, அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மிச்சமில்லாமல் வகுபடும் எண்களை, வட்டமிட வேண்டும். பாதிப் பேருக்கு மேல் ஏழு எண்களையும் வட்டமிட்டுவிட்டார்கள். சரியான விடை 29, 61, 97 மூன்றும்தான். விடைத்தாளில் உங்கள் கையெழுத்து வாங்கி வரச் சொன்னோம். சில வீடுகளில் அடி விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

இது சோம்பலால் வந்த தவறு இல்லை. பிள்ளைகள் வாய்ப்பாட்டை 10 வரைதான் ஒப்பிக்கிறார்கள். மூன்றாம் வாய்ப்பாடு 30-இல் நின்றுவிடுகிறது. 51 அதில் வராது, ஒற்றை எண் வேறு, 5-இலும் முடியவில்லை. ஆகவே எதிலும் வகுபடாது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நம்மைப் போல 16 வரை ஒப்பித்திருந்தால் 91 சிக்கியிருக்கும்; அது 7×13. ஆனால் 51 என்பது 3×17, 57 என்பது 3×19, 87 என்பது 3×29. பதினாறாம் வரியும் இங்கே கைகொடுக்காது. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் போதும்: 5+1=6, அது 3-இல் வகுபடும், எனவே 51-உம் வகுபடும். இதை வகுப்பில் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். அது எங்கள் குறை.

100-க்குள் உள்ள 25 பகா எண்களையும் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். 1 முதல் 100 வரை கட்டம் போட்டு, முதலில் 1-ஐ அடிக்கச் சொல்லுங்கள். பிறகு 2, 3, 5, 7 நான்கையும் விட்டுவிட்டு அவற்றின் மற்ற மடங்குகளை எல்லாம் அடிக்கட்டும். மிஞ்சுபவைதான் பகா எண்கள். ஏறக்குறைய 2,200 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க அறிஞர் எரடோஸ்தனிஸ் பெயரில் வழங்கும் சல்லடை இது. ஏன் 7-உடன் நிறுத்துகிறோம் என்று பிள்ளை கேட்டால் மகிழுங்கள். 11-இன் மடங்குகள் 100-க்குள் 11×9 வரைதான். 11-ஐத் தவிர மற்றவை எல்லாம் ஏற்கெனவே அடிபட்டிருக்கும்.

1-ஐ ஏன் அடித்தோம் என்று பலருக்குக் குழப்பம். ஓர் எண்ணை மிச்சமில்லாமல் வகுக்கும் எண்தான் அதன் காரணி. பகா எண்ணுக்குச் சரியாக இரண்டு காரணிகள் இருக்க வேண்டும்: 1-உம் அதே எண்ணும். இரண்டுக்கு மேல் இருந்தால் அது பகு எண். 1-க்கு இருப்பது ஒரே காரணி. எனவே அது பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை.

காரணியையும் மடங்கையும் மாற்றி எழுதுவதற்கு வீட்டிலேயே மருந்து இருக்கிறது: புளியங்கொட்டை. 24 கொட்டைகளை மிச்சமில்லாமல் சம வரிசைகளாக அடுக்கச் சொல்லுங்கள். 1×24, 2×12, 3×8, 4×6 என்று நான்கு வகையாக அடுக்கலாம். 24-இன் எட்டுக் காரணிகளும் கண்ணெதிரே வந்துவிடும். ஒரு கொட்டையை எடுத்துவிட்டு 23-ஐ அடுக்கட்டும். ஒரே நீள வரிசைதான் வரும். 25-இல் சதுரம் கிடைக்கும், அது பிள்ளைகளுக்குப் பிடிக்கும். மடங்குக்கு, 24 கொட்டைகளை ஒரு கூறாக வைத்துக் கூறுகளைச் சேர்த்துக்கொண்டே போகட்டும்: 24, 48, 72. கொட்டைதான் தீரும், மடங்கு தீராது.

இன்னொன்று. நாம் மீ.பொ.வ. (மீப்பெரு பொது வகுத்தி) என்று படித்ததை இப்போதைய புத்தகம் மீ.பெ.கா. (மீப்பெரு பொதுக் காரணி) என்கிறது, மீ.பொ.ம. (மீச்சிறு பொது மடங்கு) என்பது மீ.சி.ம. ஆகிவிட்டது. பெயர்தான் வேறு, கணக்கு ஒன்றே. டீச்சர் தப்பாகச் சொல்லித்தருவதாக ஒரு தாத்தா சண்டைக்கே வந்துவிட்டார், பாவம்.

வரும் வெள்ளிக்கிழமை அதே தேர்வை வேறு எண்களோடு மறுபடி வைக்கிறோம். அன்று ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு டப்பாவில் நூறு கொட்டை கொடுத்தனுப்புங்கள். கழுவிக் காயவைத்து அனுப்பவும். சென்ற ஆண்டு அலமாரி முழுக்க எறும்பு.

அன்புடன்,
தலைமையாசிரியர்