இடது கைப் பெருவிரல்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் சுகம். நீ சுகம்தானா என்று தெரியவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு வருகிற போன் வராமல் இன்றோடு 23 நாள் ஆகிறது. கோர்ட்டில் வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. மத்தியானத்தை டீயும் வடையுமாக முடித்துக்கொள்ளாதே. மதுரை வெயிலில் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு நின்றால் கிறுகிறுப்புதான் வரும்.

பசு கிடேரி போட்டிருக்கிறது. புளியங்குடி சந்தையில் எலுமிச்சை விலை இறங்கிவிட்டது. காற்றாலைக்கு இடம் கேட்டவர்கள் சித்தப்பாவிடம் மறுபடி பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். சித்தப்பா மகன் அட்வான்ஸ் வாங்கத் துடிக்கிறான். வில்லங்கம் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன் என்று நீதான் சொல்லியிருந்தாய். அதற்கு அப்புறம்தான் உன் போன் நின்றது.

கடைசியாகப் பேசினபோது ஒன்று கேட்டாய். "அத்தை நல்லாக் கையெழுத்துப் போடுவாங்களேம்மா, பங்கு வேண்டாம்னு எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரத்துல ஏன் கைநாட்டு இருக்கு?" எனக்கென்ன தெரியும், அப்பாவுக்குத்தான் தெரியும் என்றேன். செத்துப்போன மனுஷன் தலையில் போட்டுவிட்டேன். நீயும் மேலே கேட்காமல் "சரிம்மா" என்று வைத்துவிட்டாய். பெற்றவளிடம் சாட்சியிடம் பேசுவதுபோல் பேசலாமா என்று எனக்கு இரண்டு நாள் கோபம்கூட இருந்தது. ஒரு தடவை அதட்டிக் கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன் பாப்பா. நிஜமாகச் சொல்லியிருப்பேனா என்றும் தெரியவில்லை.

திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் உன்னைச் சேர்த்த அன்று அப்பா பஸ் ஸ்டாண்டில் பார்க்கிறவர்களிடமெல்லாம் "நம்ம வீட்டுல ஒரு வக்கீல்" என்று சொன்னார். நீ முதல் கேஸ் ஜெயித்தபோது நான் தெருவுக்கே கேசரி கொடுத்தேன். இப்போதும் யாராவது பட்டா, சிட்டா என்று வந்தால் என் மகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றுதான் சொல்கிறேன். அந்தப் படிப்புக்கு ஆன செலவெல்லாம் கிணற்றடி எலுமிச்சைத் தோட்டத்து வருமானம்தான். அதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

நீ பத்திர நகலோடு நிறுத்தியிருக்க மாட்டாய், ரேகைப் புத்தகத்தையும் பார்த்திருப்பாய். அதில் பெருவிரல் ரேகையின் குறுக்கே வெள்ளையாக ஒரு கோடு விழுந்திருக்கும். பதினோரு வயதில் அரிவாள்மனை வெட்டின தழும்பு அது. சின்னப் பிள்ளையில் நீ அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவாய். உனக்கு அதைக் காட்டிக்கொடுக்க வேறு ஆள் வேண்டாம்.

1991 தை மாசம். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாதம். தாத்தா சுயமாகச் சம்பாதித்த நிலம், உயில் எழுதாமல் போய்விட்டார். மதினி அப்போது பம்பாயில், தாராவியில் இருந்தாள். அவளுக்கும் பங்கு உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. 1956-லிருந்தே மகளுக்குச் சம பங்கு என்று நீ படித்து வந்து சொன்னபோதுதான் தெரியும். ஆனால் அவள் பெயரைச் சொல்லி நான் போய் நிற்கிறேன் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். அதற்குச் சட்டம் படிக்க வேண்டியதில்லை.

பத்திரம் எழுதினவர் சொன்னார்: "கையெழுத்துன்னா ஒத்துப்பார்த்துக் கண்டுபிடிச்சிருவான். ரேகையை யார் பார்க்கப் போறா?" இப்போதுபோலப் போட்டோ ஒட்டி, மெஷினில் விரல் வைக்கிற காலமில்லை. அடையாளம் சொல்ல இரண்டு சாட்சி வந்தார்கள். "சம்மதம்தானேம்மா?" என்று கேட்டபோது தலையாட்டினேன். கிளார்க் என் விரலைப் பிடித்து மையில் உருட்டினார். எட்டாவது வரை படித்தவள், கைநாட்டு வைத்தேன். வீட்டுக்கு வந்து புளி போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். நகக்கண்ணில் அந்த மை நாலு நாள் இருந்தது.

அதற்குப் பிறகு அறிவொளி இயக்கம் வந்தபோது ராத்திரி வகுப்பு எடுத்தேனே, உனக்குப் பெருமையாகச் சொல்வேனே. "இனிமே யாரும் கைநாட்டு வைக்கக் கூடாது" என்று அந்தப் பொம்பளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்தான்.

மதினி ஊருக்குத் திரும்பி வந்து வாடகை வீட்டில் பீடி சுற்றிப் பிழைக்கிறாள். பொங்கலுக்குப் பொங்கல் சேலை எடுத்துக் கொடுத்தேன். "எங்க அம்மா மாதிரி நீ" என்று அவள் கும்பிடும்போது நிற்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விடுவேன். அப்பா போகும் முன்னால் இதை ஒரு தடவை பேச்செடுத்தார். நான்தான் இப்போ எதுக்கு என்று அடக்கினேன். அதனால் அவரை மட்டும் தப்பாக நினைக்காதே.

பரணில் கிடந்த உன் பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 1908 பதிவுச் சட்டம், பிரிவு 82, ஆள்மாறாட்டத்துக்கு ஏழு வருஷம் வரை என்று போட்டிருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது. அதைவிட, நீ என்னைக் காப்பாற்றுவதற்காக அந்த நகலை எங்காவது ஒளித்துவைத்துவிடுவாயோ என்றுதான் தூக்கம் வரவில்லை. அப்படிச் செய்யாதே. மோசடி என்றால் தெரிந்த நாளிலிருந்துதான் கெடு ஓடும் என்று திண்ணையில் உட்கார்ந்து நீ யாருக்கோ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மதினிக்கு அந்த நாள் இன்னும் வரவில்லை. புதன்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். நானே சொல்கிறேன், நீ முந்திக்கொள்ளாதே. அவளுக்கு வக்கீல் வேண்டுமென்றால் நீ நிற்க முடியாது, நல்ல ஆளாக ஒருத்தரைப் பார்த்துக் கொடு. சித்தப்பா சத்தம் போடுவார், போடட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரியில் ஸ்கூட்டரை வேகமாக ஓட்டாதே.

கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பக்கத்திலேயே ரேஷன் கடைப் பையனிடம் மைப்பெட்டி வாங்கி இடது கைப் பெருவிரலும் வைத்திருக்கிறேன். முதல் தடவை கொஞ்சம் கலங்கிவிட்டது, இரண்டாவது தெளிவாக இருக்கிறது. ஒத்துப்பார்க்கக் கேட்பார்களே, அப்போது உதவும்.

இப்படிக்கு,
அம்மா