புகார்: "ஓவனில் சுட வேண்டாம்" என்று எழுதி விற்ற ஜிக் பவுடர் பெயிண்ட்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்
அனுப்புநர்: ஆர்டரில் உள்ள பெயர், முகவரி (திருத்துறைப்பூண்டி வட்டம், திருவாரூர் மாவட்டம்)
பொருள்: ஈய ஜிக்குகளுக்கான (ஈயக் குண்டு வைத்த மீன் தூண்டில் முள்) பவுடர் பெயிண்ட் உதிர்ந்தது, தவறான செய்முறைத் தாள், கட்டிப்போன மஞ்சள் டப்பா

ஐயா,

உங்களிடம் கிளிப்பச்சை, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று டப்பா பவுடர் பெயிண்ட் வாங்கியிருந்தேன். பெயிண்ட் உதிர்கிறது என்று உங்கள் வாட்ஸ்அப் எண்ணில் படத்தோடு சொன்னதற்கு, "ஈயத்தை ஓவனில் வைத்தால் உருகிவிடும் சார், அதனால்தான் நாங்கள் சுடச் சொல்வதில்லை" என்று பதில் வந்தது. பெயிண்ட் உதிர்ந்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். இந்தப் பதிலைப் பார்த்த பிறகுதான் முறையாக எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

நான் டூவீலர் மெக்கானிக். ஓய்வு நேரத்தில் ஜிக் ஊற்றுவேன். டயர் கடையில் கழற்றிப் போடும் வீல் வெயிட்டுகளை (சக்கரம் ஆடாமல் இருக்க விளிம்பில் மாட்டும் சின்ன எடைகள்) வாங்கிவந்து, ஈயம் எது, துத்தநாகம் எது, இரும்பு எது என்று பிரித்து, ஈயத்தை மட்டும் கொட்டகைக்கு வெளியே உருக்கி அச்சில் ஊற்றுகிறேன். எனக்குப் போக மிச்சத்தை அதிராம்பட்டினத்தில் ஒரு தூண்டில் கடைக்குக் கொடுப்பது வழக்கம். வாங்குகிறவர்கள் முத்துப்பேட்டை கழிமுகத்தில் கொடுவா மீனுக்கும் செப்பிலி மீனுக்கும் தூண்டில் போடுகிறவர்கள். பாமணியாறும் கோரையாறும் வந்து விழுகிற அந்தக் காயலின் தரை பல இடங்களில் வெறும் சேறு இல்லை, சிப்பி. அலையாத்தி வேர் வேறு. ஜிக் என்பது தரையைத் தட்டித் தட்டி இழுக்க வேண்டிய சாமான். அங்கே ஒவ்வொரு தட்டும் சிப்பி விளிம்பில்தான் விழும். அதனால்தான் பிரஷ்ஷில் அடிக்கிற எனாமலை விட்டுவிட்டுப் பவுடருக்கு வந்தோம்.

உங்கள் செய்முறைத் தாளில் இருப்பது இதுதான்: ஜிக்கைச் சூடாக்கு, பவுடரில் தோய், ஆறவிடு. கீழே தடித்த எழுத்தில், "ஓவனில் சுட வேண்டாம். பாறையில் மோதினாலும் உதிராது." நான் இதற்கு முன் பயன்படுத்திய பவுடரோடு வந்த தாளில் சுடச் சொல்லித் தெளிவாக இருந்தது. உங்களுடையது புது வகை, சுடாமலே இறுகும் என்று நீங்களே எழுத்தில் உறுதி கொடுத்திருந்ததால், ஒரு அச்சு நிறைய உங்கள் முறைப்படியே செய்து கடைக்கு அனுப்பினேன்.

பார்வைக்குக் குறையே சொல்ல முடியாது. ஹீட் கன்னில் (சூடான காற்று ஊதும் கருவி) சூடாக்கி, டப்பாவுக்குள் ஒரு சுழற்று சுழற்றி எடுத்ததும் தூள் உருகி வழவழவென்று பரவியது. முள்ளின் கண்ணில் அடைத்ததைக் குண்டூசியால் குத்தி எடுத்தால் வேலை முடிந்தது. ஆனால் தண்ணீரில் போட்ட முதல் நாளே அவித்த முட்டை ஓடுபோல ஏடு ஏடாகக் கழன்றுவிட்டது. கடைக்காரர் திருப்பி அனுப்பியவற்றில் பாதிக்கு மேல் மூக்குப் பக்கம் சாம்பல் நிற ஈயம் பளிச்சென்று தெரிகிறது. சிலவற்றில் நகத்தால் நெம்பினாலே கிளிப்பச்சை கையோடு வருகிறது. வாங்கியவர்களுக்குக் கடைக்காரர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், கடைக்காரருக்கு நான் கொடுத்தேன்.

காரணம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். இந்த வகைப் பவுடரில் நிறம் மட்டும் இல்லை. பிசினும் அதை இறுக்குகிற பொருளும் சேர்த்தே அரைத்திருக்கிறது. சூடான ஈயத்தில் பட்டதும் நடப்பது உருகுவது மட்டும்தான். பளபளப்பு அதிலேயே வந்துவிடும். ஆனால் பிசின் உள்ளுக்குள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இறுகுவதற்குச் சூடும் வேண்டும், நேரமும் வேண்டும். ஜிக் பவுடர்களுக்கு வழக்கமாகச் சொல்வது ஏறக்குறைய 177 டிகிரி செல்சியஸில் 15 முதல் 20 நிமிடம். ஒரு சின்ன ஈயக் குண்டு காற்றில் பிடித்தால் சில நிமிடங்களில் ஆறிப்போகும், அதற்குள் எங்கே இறுகுவது? கேட்டுக்கும் ஜன்னல் கிரில்லுக்கும் பவுடர் கோட்டிங் போடுகிற எந்தப் பட்டறைப் பையனைக் கேட்டாலும், ஓவனில் ஏற்றாத பவுடர் நிற்காது என்றுதான் சொல்வான்.

சந்தேகம் வரக் கூடாது என்று சோதித்தும் பார்த்தேன். ஒரே அச்சில் ஊற்றிய ஜிக்குகள், அதே உங்கள் கிளிப்பச்சை. சிலவற்றை உங்கள் தாளில் உள்ளபடி ஆறவிட்டேன். மற்றவற்றைப் பட்டறையில் இதற்கென்றே வைத்திருக்கும் பழைய ஓடிஜியில் (சின்ன மின்சார ஓவன்) கம்பியில் தொங்கவிட்டு, 177 டிகிரிக்கு வந்ததும் 20 நிமிடம் சுட்டேன். ஓடிஜியின் திருகில் போட்டிருக்கும் எண்ணை நம்பவில்லை, உள்ளே தனியாகத் தெர்மாமீட்டர் வைத்திருந்தேன். ஆறிய பிறகு நெயில் பாலிஷ் ரிமூவரில் பஞ்சை நனைத்து இரண்டு வகையையும் தேய்த்தேன். அசிட்டோன் உள்ள ரிமூவர்தான். சுடாததில் பஞ்சு உடனே பச்சையாகி, பெயிண்ட் பிசுபிசுத்துக் கீழே ஈயம் தெரிந்தது. சுட்டதில் பளபளப்பு கொஞ்சம் மங்கியதே தவிர நிறம் வரவில்லை. சிமெண்ட் தரையில் போட்டுப் பார்த்தேன், சுட்டதில் ஏடு கழலவில்லை, பட்ட இடத்தில் ஒரு தழும்பு மட்டும். ஆகவே பச்சைப் பவுடரில் கோளாறு இல்லை. கோளாறு முழுக்க அந்தத் தாளில்.

இப்போது "ஈயம் உருகிவிடும்" என்ற பதிலுக்கு வருகிறேன். சுத்த ஈயம் உருகுவது 327 டிகிரியில். வீல் வெயிட்டில் ஆன்டிமனி என்ற உலோகம் கலந்திருப்பதால் கொஞ்சம் முன்னதாக இளகத் தொடங்கும், அப்போதும் 250 டிகிரிக்குக் கீழே ஒன்றும் ஆகாது. 177 எங்கே, 250 எங்கே? உருகக்கூடியது ஒன்று உண்டு, அது சால்டர். ரேடியோ கடைகளில் பற்றவைக்கும் ஈய-வெள்ளீயக் கம்பி 183 டிகிரியிலேயே உருகும். பழைய சால்டரைச் சேர்த்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஊற்றிய ஜிக்கை, சூடு ஏறி இறங்குகிற ஓடிஜியில் வைத்தால் தொங்கிப்போகலாம். உங்கள் தாளில் எச்சரிக்க வேண்டியது இதைத்தான். ஒட்டுமொத்தமாகச் சுடாதே என்று சொல்வது, வழுக்கும் என்று பிரேக்கையே கழற்றிப் போடச் சொல்கிற கதை.

தாளில் உள்ள படம் பற்றியும் சொல்ல வேண்டும். சமையலறை கேஸ் அடுப்பில் ஜிக்கைச் சூடாக்குவது போலப் போட்டிருக்கிறீர்கள், பக்கத்து பர்னரில் பால் பாத்திரம். யார் இந்தப் படத்துக்கு ஒப்புதல் கொடுத்தது? ஈயம் நஞ்சு, அதிலும் சின்னப் பிள்ளைகளுக்குக் கூடவே ஆகாது. ஈயம் தொட்ட கையைக் கழுவச் சொல்லி ஒரு வரி இல்லை. பவுடர் மூக்கில் போகாமல் முகக்கவசம் போடச் சொல்லி ஒரு வரி இல்லை. சமையலுக்குப் பயன்படும் ஓவனை இதற்குத் தொடாதே என்றும் இல்லை. இதை எனக்காகக் கேட்கவில்லை. தூண்டில் கடையில் இந்த டப்பாவை வாங்கிப்போகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பையன்கள்.

மஞ்சள் டப்பா தனிப் புகார். திறக்கும்போதே கட்டி. ஈரத்தில் சேர்ந்த கட்டியாக இருந்தால் விரலில் நசுக்கினால் உதிரும், சல்லடையில் சலித்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் பக்கம் இருக்கிற ஈரத்துக்கு அது எங்களுக்குப் பழக்கம்தான். இது உதிரவில்லை. வெயிலில் கிடந்து தூள் தூளோடு ஒட்டிக்கொண்ட கட்டி, கல் மாதிரி. ஜிக்கில் சீராகப் படிவதற்காக மீன் தொட்டி பம்பில் காற்று விட்டுப் பவுடரைக் கிளப்பிப் பார்த்தேன், நடுவில் குமிழி போனதே ஒழிய தூள் எழும்பவில்லை. தயாரித்த மாதம், ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் விலை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அதை உரித்தால் கீழே உள்ள அச்சும் சேர்ந்து வருகிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். மஞ்சள் டப்பாவுக்கு மாற்றாகப் புது டப்பா, தயாரிப்பு மாதம் தெரிகிற மாதிரி. திரும்பி வந்த ஜிக்குகளுக்காகக் கடைக்காரருக்கு நான் கொடுத்த தொகை, அவர் எழுதிக்கொடுத்த சீட்டை இணைத்திருக்கிறேன். அப்புறம் அந்தத் தாள். "சுட வேண்டாம்" என்ற வரியை எடுத்துவிட்டு, எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம் என்று தமிழில் அச்சடித்து டப்பாவோடு வையுங்கள். ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் செய்தி அனுப்புங்கள், எல்லாருடைய எண்ணும் உங்களிடம் இருக்கிறது. பணத்தைவிட எனக்கு இது முக்கியம். பச்சை, வெள்ளை டப்பாக்களுக்குப் பணம் கேட்கவில்லை, அவற்றைச் சுட்டுப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது உங்கள் குறைதீர்ப்பு அலுவலரின் பொறுப்பு. அதற்குள் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்வேன். அதிலும் தீரவில்லை என்றால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், உங்கள் ஊருக்கு அலைய வேண்டியதில்லை.

சுட்டது, சுடாதது என்று எழுதிக் கட்டிய இரண்டு ஜிக்குகளைப் பில் நகலோடு விரைவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ரிமூவரும் பஞ்சும் உங்கள் அலுவலகத்திலேயே கிடைக்கும். தேய்த்துப் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். பகலில் கடையில் சத்தமாக இருக்கும், மாலை 6 மணிக்கு மேல் கூப்பிட்டால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்