'அக்யூட்' என்ற சொல்லுக்குச் சரியான பொருள் வேண்டி

மதிப்பிற்குரிய ஆங்கில–தமிழ் அகராதிப் பதிப்புக் குழுவினருக்கு,

வணக்கம். தங்கள் அகராதியின் புதிய பதிப்பிலும் 'அக்யூட்' என்ற சொல்லுக்கு எதிரே 'கூர்மையான, கடுமையான, தீவிரமான' என்ற அதே மூன்று சொற்கள் நிற்பதைக் கண்ட பின்பே இம்மடலை எழுதுகிறேன். இதைத் திருத்தும்படி வாசகர்கள் முன்பே கேட்டிருப்பது தாங்கள் அறிந்ததே.

மருத்துவத்தில் அச்சொல் நோயின் கடுமையைக் குறிப்பதில்லை. திடீரெனத் தொடங்கி, பெரும்பாலும் குறுகிய காலமே நீடிப்பது என்பதே அங்கு அதன் பொருள். நாட்பட்டதைச் சொல்லும் 'க்ரானிக்' அதன் எதிர்ச்சொல். என் தந்தையின் மருத்துவச் சீட்டில் 'அக்யூட் பிராங்கைட்டிஸ்' என்றிருந்தது. பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும் இருமல்தான் அது. அவரோ தங்கள் அகராதியைப் புரட்டி, 'கடுமையான' என்பதன் கீழ்ப் பென்சிலால் கோடிட்டுவிட்டு, வங்கிப் புத்தகத்தையும் பீரோ சாவியையும் என்னிடம் ஒப்படைத்தார். அதே வீட்டில் என் அத்தையின் 'க்ரானிக்' சிறுநீரக நோயை, பழகிப்போனதுதானே என்று ஒருவரும் பொருட்படுத்தவில்லை. எது உண்மையில் கடுமையானது என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வேர்ச்சொல்லை ஒரு வரியில் தந்திருந்தாலும் இக்குழப்பம் பாதியாவது குறைந்திருக்கும். லத்தீனில் 'அக்குஸ்' என்றால் ஊசி, 'அக்குவேரே' என்றால் கூராக்குதல். அதிலிருந்து வந்ததே 'அக்யூட்'. அக்குபங்சரில் இருப்பதும் அதே ஊசிதான். 90 பாகைக்குக் குறைந்த கோணத்துக்கு ஆங்கிலத்தில் இச்சொல் வந்ததும் அதன் கூர்முனையால்தான். நம் பள்ளிப் பாடநூல்கள் அதைக் குறுங்கோணம் என்று தெளிவாகவே சொல்கின்றன. தங்கள் பதிவில் அதுவும் இல்லை. ஆனால் இச்சொல்லின் தலையைக் கிள்ளி 18ஆம் நூற்றாண்டில் உண்டான, முதலில் 'சாமர்த்தியமான' என்றே பொருள்பட்ட 'க்யூட்' மட்டும் 'அழகிய, கவர்ச்சியான, செல்லமான' என்று தங்கள் பக்கத்தில் தாராளமாக இடம்பிடித்திருக்கிறது. பதிப்புக்குப் பதிப்பு அட்டையும் அணிந்துரையும் மாறுகின்றன. பதிவுகளைத் தொடுவதுதான் மரபுக்கு விரோதம் போலும்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்தருள்க. பணிவுடன் மீண்டும் கேட்பது இதுவே: அடுத்த அச்சிலேயே இப்பதிவில் மருத்துவப் பொருளைத் தனியே பிரித்து, 'திடீரெனத் தோன்றும், குறுகிய கால' என்று முதலில் தந்து, 'கடுமையான' என்பது அங்கே பொருந்தாது என்ற குறிப்பையும் சேர்த்து வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்